ஜிம் கார்பெட் தோளில் தொங்கிய துப்பாக்கிகள்

புலிக்கதை கேட்காத தோட்டத்துப் பிள்ளை கிடையாது. லயத்து வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தால், தாத்தாமார்கள் ஒரு புலியையாவது கொண்டு வந்து நிறுத்தாமல் விடமாட்டார்கள். அந்தக் கதைகளிலே துரை வருவார், துப்பாக்கி வரும், புலி விழும். எந்தத் துப்பாக்கி, எத்தனை தோட்டா, ஏன் அதை எடுத்தார், இதை ஏன் எடுக்கவில்லை என்று நாம் கேட்கிறதே இல்லை. பெரிய மிருகத்தின் முன்னால் போய் நிற்கிறவனுக்கு உயிர் தங்குவதும் போவதும் அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. அதற்கு ஜிம் கார்பெட் என்பவரின் வாழ்க்கையைவிட நல்ல பாடம் இல்லை.

இந்தியாவின் வடக்கே, இமயமலை அடிவாரத்தில் நைனிடால் என்று ஓர் ஊர். அங்கே 1875 ஜூலை 25-ல் கார்பெட் பிறந்தார். தகப்பனார் அந்த ஊர்த் தபால் நிலைய அதிகாரி. வெள்ளைக்காரக் குடும்பம்தான், ஆனால் பணக்காரக் குடும்பம் இல்லை. பையனுக்கு ஆறு வயதுகூட நிறையவில்லை, 1881-ல் தகப்பனார் இறந்துபோனார். நிறையப் பிள்ளைகள், அத்தனை பேரையும் தாயார் ஒருத்தியே வளர்த்தார். குளிர்காலம் வந்தால் குடும்பம் மலையிறங்கி காலாதுங்கி என்ற கிராமத்து வீட்டுக்கு வந்துவிடும். வீட்டுக்குப் பின்னாலேயே காடு. பையன் காட்டிலேயே கிடந்தான். எந்தப் பறவை கத்தினால் எந்த மிருகம் வருகிறது என்பதெல்லாம் அங்கே படித்ததுதான்.

முதலில் கையில் கிடைத்தது உண்டிவில். பிறகு வாய்வழியாக மருந்து கெட்டிக்கிற பழைய இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று. அதிலே ஒரு குழல் வெடித்துப் பிளந்திருந்தது. கட்டையும் குழலும் பிரிந்து போகாமல் பித்தளைக் கம்பியால் சுற்றிக் கட்டியிருந்தார்கள். மிச்சமிருந்த ஒரு குழலை வைத்துக்கொண்டுதான் பையன் காடு சுற்றினான். ஒரே குழல் என்றால் ஒரே வெடி, தவறினால் மறுபடி மருந்து கெட்டிக்க வேண்டும். அதனாலே கிட்டப் போய், நின்று, நிச்சயம் ஆன பிறகுதான் விசையை அழுத்துவான். பத்து வயது சுமாருக்குப் பள்ளிக்கூடத்து மாணவர் படை வழியாக 450 மார்ட்டினி ரைபிள் ஒன்று இரவலாகக் கிடைத்தது. சின்னப் பையனின் தோளைப் பின்னுக்கு உதைத்துத் தள்ளுகிற சாமான் அது. அதைக்கொண்டு சுட்டதுதான் அவனுடைய முதல் சிறுத்தை.

இந்த 450, 275 என்கிற எண்களை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. வெள்ளைக்காரன் கணக்கிலே ஓர் அங்குலத்தை ஆயிரம் பங்கு போட்டு, அதில் எத்தனை பங்கு குழலின் வாய் என்று சொல்வதைத்தான் காலிபர் என்கிறார்கள். 450 என்றால் அரை அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு. 275 என்றால் கால் அங்குலத்துக்குச் சற்றுக் கூட, நம் பென்சில் தடிப்பு. வாய் பெரிதானால் குண்டு கனம், அடி பலம். ஆனால் துப்பாக்கியும் கனம், தோளில் விழுகிற உதையும் கனம். வாய் சின்னதானால் தூக்க லேசு, குறி சுத்தம், வேகம் அதிகம்; ஆனால் எலும்பை உடைக்கிற சக்தி குறைவு. வேட்டைக்காரர்களின் சண்டை எல்லாம் இந்த இரண்டுக்கும் நடுவேதான்.

படிப்பு முடிந்ததும் கார்பெட்டுக்கு ரயில்வேயில் வேலை. பீகாரில், என்ஜினுக்கு விறகு வெட்டுகிற காடுகளை மேற்பார்க்கிற வேலை அது. பிறகு கங்கைக்கரையில் மொகாமே காட் என்ற இடத்தில், அகலப் பாதை ரயிலிலிருந்து சின்னப் பாதை ரயிலுக்குச் சரக்கு மாற்றிவிடுகிற காண்டிராக்ட் கிடைத்தது. அங்கே 20 வருஷத்துக்கு மேல் இருந்தார். தொடக்கத்தில் சில மாதம் ரயில்வே பணம் வராமல், கூலி கொடுக்க வழி இல்லாமல் போயிற்று. ஆட்கள் அரை வயிற்றோடு மூட்டை தூக்கினார்கள். இவரும் அவர்களோடு நிலக்கரி அள்ளினார், இவரும் சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டார். பணம் வந்த பிறகும் அந்த ஆட்கள் இவரை விட்டுப் போகவில்லை. அவர் எஜமான் சாதி, அவர்கள் கூலி என்பதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை. ஆனாலும் கூலிக்காரனை மனிதனாகப் பார்த்த எஜமான்கள் அந்தக் காலத்தில் எத்தனை பேர் என்று நம் தோட்டத்துப் பெரியவர்களைக் கேட்டால் சொல்வார்கள். 1917-ல், முதல் உலகப் போரின்போது, குமாவூன் மலைக்காரர் 500 பேரைத் தொழிலாளர் படையாகத் திரட்டிப் பிரான்சுக்கு அழைத்துப் போனதும் இவர்தான்.

இனி துப்பாக்கிக்கு வருவோம்.

1907-ல் சம்பாவத் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பெண்புலி ஆளடித்துக்கொண்டிருந்தது. நேப்பாளத்தில் 200 பேர், அங்கிருந்து விரட்டப்பட்டுக் குமாவூனுக்கு வந்து 236 பேர், ஆக மொத்தம் 436 பேர் என்பது அதன் கணக்கு. ஜனங்கள் வீட்டுக் கதவைத் திறக்கவே பயந்தார்கள். கார்பெட் போவதற்கு இரண்டு நிபந்தனை போட்டார்: புலித்தலைக்கு அரசாங்கம் வைத்த பரிசுப் பணத்தை ரத்துச் செய்யவேண்டும், மற்ற வேட்டைக்காரர்களை அந்தக் காட்டிலிருந்து திருப்பி அழைக்கவேண்டும். பணத்துக்குச் சுட்டவன் என்ற பெயர் வேண்டாம் என்பது ஒன்று, இன்னொருத்தன் குண்டு தன் முதுகில் பாயவேண்டாம் என்பது ஒன்று. இரண்டாவது நிபந்தனையில்தான் மனிதருக்கு எவ்வளவு நடைமுறை அறிவு இருந்தது என்பது தெரிகிறது.

சுள்ளி பொறுக்கப் போன இளம்பெண் ஒருத்தியைப் புலி கொண்டுபோய்விட்டது. மறுநாள் ஊர்த் தாசில்தார் 300 பேர் போல ஆள் திரட்டி, தகரம் தட்டி, கூச்சல் போட்டுக் காட்டைக் கலைத்தார். கார்பெட் கையில் இருந்தது 500 காலிபர் இரட்டைக்குழல் ரைபிள். கரிமருந்துக் காலத்து ரகம், அதில் கார்டைட் என்ற புகையில்லாத மருந்தைக் கொஞ்சமாகப் போட்ட தோட்டா. அன்று அவர் எடுத்துப் போனது மூன்றே மூன்று தோட்டா. ஒன்று சுட, ஒன்று தவறினால், ஒன்று ஆபத்துக்கு என்று கணக்கு. மூன்றும் போயிற்று. புலி காயத்தோடு நிற்கிறது, சாகவில்லை. கையில் வெறும் இரும்பு.

ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிக்கொண்டு வந்தார். கிட்டப் போய்த் தூக்கிப் பார்த்தால், குழலுக்கும் பின்பாகத்துக்கும் நடுவிலே நல்ல இடைவெளி! வெடித்தால் நெருப்பு சுடுகிறவன் முகத்திலேயே அடிக்கலாம். வேறு வழியில்லை, சுட்டார். வாயைக் குறி வைத்த குண்டு முன்னங்காலில் பட்டது. நல்லகாலம், முன்னே பட்ட காயத்தாலேயே புலியின் உயிர் அடங்கிக்கொண்டிருந்தது.

செத்த புலியின் வாயைத் திறந்து பார்த்தார்கள். வலது பக்கத்துக் கோரைப்பற்கள் மேலும் கீழும் உடைந்திருந்தன. ஒன்று பாதியாக, மற்றொன்று எலும்பு வரைக்கும். யாரோ எப்போதோ சுட்ட குண்டு. பல் போன புலி மானைப் பிடிக்க முடியாமல் மனிதனைப் பிடிக்கத் தொடங்கிவிட்டது. யாரோ ஒருவன் பொருந்தாத துப்பாக்கியாலோ, பொருந்தாத தூரத்திலிருந்தோ ஒரு வெடி வைத்துவிட்டு, காயம்பட்ட மிருகத்தைத் தேடாமல் வீட்டுக்குப் போயிருக்கிறான். அதற்கு விலை கொடுத்தவர்கள் விறகுக்கும் தழைக்கும் போன ஏழைப் பெண்கள். துப்பாக்கித் தேர்வு பொழுதுபோக்கு இல்லை என்பதற்கு இதற்கு மேல் ஆதாரம் வேண்டுமா?

இந்தப் புலியைச் சுட்டதற்காக மாகாண லெப்டினண்ட் கவர்னர் சர் ஜான் ஹியூவெட் அதே 1907-ல் ஒரு ரைபிளைப் பரிசாகக் கொடுத்தார். லண்டன் ரிக்பி கம்பெனி செய்த 275 மவுசர். எடை ஏறக்குறைய மூன்றரைக் கிலோ, குண்டு ஒன்பது கிராம் சுமார். மற்றொரு பக்கம் அவரிடம் ஜெஃப்ரி கம்பெனியின் இரட்டைக்குழல் 450/400 ரைபிளும் இருந்தது. இதன் எடை ஐந்து கிலோ அளவு, குண்டு 26 கிராம், சின்னதைப் போல மூன்று மடங்கு. இரட்டைக்குழலில் இன்னொரு வசதி, இரண்டாவது வெடிக்குக் கம்பியை இழுத்துத் தள்ளும் சத்தம் இல்லை, உடனே அடுத்த விசை. பாய்ந்து வருகிற புலியை நிறுத்தவேண்டுமானால் அதுதான். மலையேறி நாள் முழுக்க நடக்க, தூரத்தில் குறி பார்க்க, சின்னதுதான்.

இப்போது சிலர் கேட்பார்கள், சின்னக் குண்டுக்குப் பெரிய மிருகம் விழுமா என்று. ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் என்று ஒருவர் இருந்தார். ஆயிரத்துக்கு மேல் யானை சுட்டவர், பெரும்பாலும் இதே 275 ரகத்தால்தான். யானையின் மண்டையை அறுத்துப் பார்த்து, மூளை எந்த இடம் என்று படித்து வைத்திருந்தார். தலை உள்ளே போய்ச் சேரவேண்டும் என்பதற்காக முழுக்கக் கெட்டி உறை போட்ட குண்டையே போடுவார். புலிக்கு அது உதவாது. புலியின் தோல் மெல்லிசு, கெட்டிக் குண்டு துளைத்துக்கொண்டு மறுபக்கம் போய்விடும். நுனி மெத்தென்று இருந்து உள்ளே விரிகிற குண்டு வேண்டும். பெல்லைப் பார்த்துச் சின்னத் துப்பாக்கி தூக்கிய பலபேர், அவர் கண்ணும் கையும் நிதானமும் தமக்கு இல்லை என்பதைக் காயம்பட்ட மிருகத்தின் முன்னால்தான் தெரிந்துகொண்டார்கள்.

ருத்ரபிரயாக் சிறுத்தை 1918-லிருந்து 1926 வரை 125 பேரைக் கொன்றது. பத்ரிநாத், கேதார்நாத் போகிற யாத்திரைப் பாதையே நடுங்கியது. கோலாப்ராய் என்ற இடத்தில் ஒரு மாமரத்தின் மேல் இரவு இரவாகக் கார்பெட் உட்கார்ந்தார். கீழே மணி கட்டிய ஆடு. 1926 மே மாதத் தொடக்கத்தில் ஒரு ராத்திரி மணி ஒலித்தது; ரைபிளோடு கட்டிய டார்ச் விளக்கை அழுத்தினார், ஒரே வெடி. அதுவும் 275 தான்.

ஆனால் சௌகர் புலிக்கு நிகரான கதை வேறு இல்லை. 64 பேரைக் கொன்ற பெண்புலி. 1930 ஏப்ரல் 11 அன்று கார்பெட் ஓர் ஓடைப் பள்ளத்தில் இறங்கினார். வழியில் பக்கிக்குருவியின் முட்டை இரண்டு கண்டார். முட்டை சேர்க்கிற பழக்கம் உண்டு. இடது கையில் எடுத்துக்கொண்டார், வலது கையில் 275. ஒரு பெரிய பாறையைத் தாண்டித் தோளுக்கு மேலே திரும்பிப் பார்த்தால், எட்டடி தூரத்தில் புலி படுத்தபடி அவரையே பார்த்துக்கொண்டிருக்கிறது! துப்பாக்கி முனை இருப்பதோ வேறு பக்கம். திடீரென்று அசைந்தால் பாயும். ஒரே கையால், கண்ணுக்குத் தெரியாத வேகத்தில், அந்த ரைபிளை முக்கால் வட்டம் போலச் சுற்றிக் கொண்டுவந்தார். கை வலித்தது, நடுங்கியது, நிறுத்த முடியாது. முனை நேருக்கு வந்ததும் அழுத்தினார். புலியின் தலை மெல்லச் சாய்ந்தது.

ஐந்து கிலோ இரட்டைக்குழலாக இருந்தால் ஒரு கையால் அப்படித் திருப்பியிருக்கவே முடியாது என்பது அவருடைய கணக்கு. முட்டை இல்லாமல் இரண்டு கையும் காலியாக இருந்திருந்தாலும் சட்டென்று திரும்பத் தோன்றியிருக்கும், புலி பாய்ந்திருக்கும். குறை என்று நினைத்த இரண்டும் கைகொடுத்தது. முட்டைகளைத் திரும்ப எடுத்துப்போய் அதே இடத்தில் வைத்துவிட்டார். கொஞ்ச நேரத்தில் தாய்க்குருவி வந்து அடையில் உட்கார்ந்துவிட்டது.

1938 நவம்பரில் தாக் என்ற ஊரில் கடைசி ஆளடிப்புலி. அப்போது அவருக்கு 63 வயது. அந்த மாலை இருட்டில், மிகக் கிட்டத்தில், வேண்டியிருந்தது கனத்த 450/400. அதுதான் கையில் இருந்தது.

1920-களிலேயே துப்பாக்கியைவிடக் காமிராவை அதிகம் தூக்க ஆரம்பித்துவிட்டார். 1936-ல் குமாவூன் அடிவாரத்தில் தேசியப் பூங்கா ஏற்படப் பாடுபட்டவர்களில் ஒருவர். இரண்டாம் உலகப் போரில் சிப்பாய்களுக்குக் காட்டுப் போர் சொல்லிக்கொடுத்தார். 1944-ல் அவருடைய முதல் புத்தகம் வெளிவந்து உலகம் முழுக்கப் போயிற்று. 1947-ல் அக்காள் மேகியோடு கென்யாவுக்குக் குடிபோனார், 1955 ஏப்ரல் 19-ல் நியேரி என்ற ஊரில் காலமானார். இரண்டு வருஷம் கழித்து அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். அந்த 275 ரைபிள் அவருடைய புத்தகம் போட்ட ஆக்ஸ்போர்டு பதிப்பகத்தாரிடம் பல காலம் இருந்து, 2015-ல் அதைச் செய்த ரிக்பி கம்பெனிக்கே திரும்பிப் போயிற்று.

நம் மலேசியப் புலிக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தம் உண்டு. 1968-ல் விஞ்ஞானிகள் இந்தோசீனப் புலி இனத்துக்குக் கார்பெட் பெயரை வைத்தபோது, நம் காட்டுப் புலியும் அந்தப் பெயரிலேயே சேர்ந்தது. 2004-ல்தான் மலாயாப் புலி தனி வகை என்று பிரித்தார்கள். 2022-ல் சொன்ன கணக்குப்படி, தீபகற்பக் காடுகளில் அது 150-க்கும் குறைவு.