தோலைத் தொட்ட பெண் விரல்கள்

ஆறுமுகநேரி வட்டாரத்தில் கோயில் கொடை என்றால் வில்லுப்பாட்டு உண்டு. வீசுகோல் பிடித்துப் பாடும் பெண்களை நாம் பல ஆண்டுகளாகப் பார்த்து வருகிறோம். ஆனால் அதே கொடையில் ஒலிக்கும் தோல்கருவிகளைக் கவனித்தால் வேறு கதை தெரியும். மகுடம், பம்பை, தவில், பறை எல்லாம் பெரும்பாலும் ஆண்கள் கையில்தான். பெண் பாடலாம், ஆடலாம். தோலை மட்டும் தொடக்கூடாது என்பது எழுதப்படாத சட்டம். அந்தச் சட்டத்தைச் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியிலேயே மீறியவர் திருக்கோகர்ணம் ரங்கநாயகி அம்மாள்.

புதுக்கோட்டையை ஒட்டியுள்ள திருக்கோகர்ணத்தில் 1910-ல் பிறந்தவர் அவர். இசை வேளாளர் குடும்பம். தந்தை சிவராமன் நட்டுவனார். அத்தகைய வீடுகளில் ஆடுவதும் பாடுவதும் பெண்களின் பங்கு. நட்டுவாங்கமும் மிருதங்கமும் ஆண்களின் பங்கு. ரங்கநாயகியும் நடனத்தில்தான் தொடங்கினார். பிறகு மிருதங்கத்தின் பக்கம் திரும்பினார். வீட்டில் தடை வரவில்லை.

அவருக்கு வாய்த்த குருவும் பெரியவர். கஞ்சிராவைக் கச்சேரி மேடையில் ஏற்றிய மான்பூண்டியா பிள்ளையின் சீடரான புதுக்கோட்டை தட்சிணாமூர்த்தி பிள்ளை, மிருதங்கம், கஞ்சிரா இரண்டிலும் பெயர் பெற்றவர். 1936-ல் அவர் மறைந்தார். அதற்குள் ஒரு பெண்ணுக்கும் தம் வித்தையைக் கொடுத்துவிட்டுத்தான் போனார்.

புதுக்கோட்டைக்கு இது முதல் மீறல் அல்ல. ஆண்கள் மட்டுமே படித்த கல்லூரியில் காலடி வைத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் அந்த மண்ணில் பிறந்தவர்தான்.

அன்றைய மேடை எப்படி இருந்தது என்பதையும் நினைத்துப் பார்க்க வேண்டும். பெண் பாடகிக்குப் பக்கத்தில் அமர்ந்து வாசிப்பதையே முன்னணி வித்வான்கள் சிலர் கௌரவக் குறைவாகக் கருதினர். டி.கே. பட்டம்மாளுக்கு வாசித்த பழனி சுப்பிரமணிய பிள்ளை போன்றோர் விதிவிலக்கு. அவரும் இதே புதுக்கோட்டை மரபில் வந்தவர். பாடும் பெண்ணுக்கே இந்த நிலை என்றால், மிருதங்கத்தை மடியில் வைத்து அமர்ந்த பெண்ணின் நிலையைச் சொல்லவே வேண்டாம். தேவதாசி முறையை ஒழிக்கும் சட்டம் 1947-ல் வந்தது. அது வரவேண்டிய சட்டம். ஆனால் அந்தக் காலத்தில் இசை வேளாளர் பெண்கள் மேடை ஏறுவதே ஏச்சுக்கு இடமானது. ரங்கநாயகி மிருதங்கத்தைக் கீழே வைக்கவில்லை. பெண் மிருதங்கக் கலைஞர்களில் முன்னோடி என்ற பெயருடன் 1998-ல் மறைந்தார்.

ரங்கநாயகி தலித் அல்லர். பிறகு ஏன் இந்தப் பகுதியில் எழுதுகிறோம்? அவர் விரல் பட்ட அந்தத் தோலுக்காகத்தான்.

மிருதங்கத்தின் கட்டை பலாமரம். அதன் பேச்சு முழுவதும் மாடு, எருமை, ஆடு ஆகியவற்றின் தோலில் இருக்கிறது. அந்தத் தோலைத் தேர்ந்து, காயவைத்து, வெட்டி, வார் பிடித்து இழுத்து, வலந்தலையில் சோறு இட்டுச் சுருதி சேர்ப்பவர்களில் பெரும்பாலோர் தலித் கிறித்தவர்கள். தஞ்சையிலும் சென்னையிலும் தலைமுறை தலைமுறையாக இதைச் செய்து வருகிறார்கள். அவர்கள் காது இல்லாமல் எந்த வித்வானின் கையும் பேசாது. ஆனாலும் கச்சேரி அழைப்பிதழில் அவர்கள் பெயர் இருப்பதில்லை. சபாவில் அந்தத் தோல் தெய்வ வாத்தியம். அதே தோல் நம் தெருவில் பறையானால் தீட்டு.

இந்தத் தீட்டை எதிர்த்து நம் பெரியவர்கள் சாவு வீட்டுப் பறையை மறுத்தார்கள். அதற்காக அடியும் ஊர்விலக்கும் பட்டார்கள். அதன்பின் பறையைக் கலையாக மீட்டெடுத்தோம். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் தலித் பெண்கள் பறையடித்து ஆடி மேடைகளை வென்றார்கள். அவ்வளவு நடந்த பிறகும், நம் தெருவில் ஒரு பெண்பிள்ளை பறை கேட்டால் முதல் மறுப்பு யாரிடமிருந்து வருகிறது? ஊரார் பிறகுதான். முதலில் அப்பாவும் அண்ணனும்தான். நாலு பேர் என்ன சொல்வார்கள் என்கிறோம். உப்பளத்தில் வெயிலில் சுமை தூக்க அனுப்பும்போது அந்த நாலு பேர் நம் நினைவுக்கு வருவதில்லை.

ரங்கநாயகிக்கு முதல் கதவு சொந்த வீட்டில் திறந்தது. சாதி பூட்டிய கதவுகளைத் திறக்கச் சொல்லிப் போராடும் நாம், நம் வீட்டுக் கதவை நாமே பூட்டி வைப்பது நியாயமா? அடுத்த கொடைக்குள் பறை கேட்கும் ஒரு மகளின் கையில் அதைக் கொடுப்போம். குச்சி பிடிக்க அவளே கற்றுக்கொள்வாள்.