கணக்கை வென்ற காரிகை

கணக்கு பெண்களுக்கு வராது என்ற பேச்சை நாம் எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! பத்தாம் வகுப்பு முடிந்ததும் எந்தப் பிரிவில் சேர்வது என்று தயங்கும் நாம், அ. லலிதா அம்மையாரின் வாழ்வை அறிதல் நலம்.

இவர் 1919-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் நாள் சென்னையில் ஒரு தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தார். பதினைந்து வயதில், அதாவது நம் வயதில், திருமணம் நடந்தது. பதினெட்டு வயதில் கணவரை இழந்தார். கையில் நான்கு மாதப் பெண் குழந்தை. கைம்பெண்கள் வீட்டு மூலையில் முடங்கிய காலம் அது. அவரோ இராணி மேரி கல்லூரியில் இண்டர்மீடியட் படித்து முதல் வகுப்பில் தேறினார்.

கிண்டி பொறியியற் கல்லூரியில் அதுவரை பெண்களே இல்லை. அங்குப் பேராசிரியராயிருந்த தந்தை பப்பு சுப்பாராவ், முதல்வர் சாக்கோவிடம் பேசி, 1940-இல் மகளை மின் பொறியியலில் சேர்த்தார். விரைவில் லீலம்மா ஜார்ஜ், திரேசியா ஆகிய இருவரும் அக்கல்லூரியில் சேர்ந்தனர். 1943-இல் லலிதா பட்டம் பெற்றபோது, சான்றிதழில் அச்சாகியிருந்த ஆண்பாற் சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதினார்கள்.

பின்னர் கல்கத்தாவில் மின்பாதைகளையும் துணை மின் நிலையங்களையும் வடிவமைத்தார். பக்ரா நங்கல் அணைத் திட்டத்திலும் அவர் உழைப்பு உண்டு. 1964-இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டிலும் கலந்துகொண்டார். 1979-இல் மறைந்தார்.

நம் மேட்டூரிலிருந்து செல்லும் மின்கம்பிகளை நாள்தோறும் பார்க்கிறோம். கம்பி எவ்வளவு தொய்யும், கோபுரம் எவ்வளவு உயர வேண்டும் என்பதெல்லாம் கணக்கே. அன்று பெண்களுக்குக் கணக்கு வராமல் இல்லை. கல்லூரிக் கதவுதான் திறக்கவில்லை. இன்று அது திறந்திருக்கிறது. தோழியரே, அச்சமின்றி உள்ளே செல்வோம்!