யார் இந்த பாதல் சர்க்கார்? மேடை, டிக்கெட், லைட் எல்லாத்தையும் விட்டுட்டு மக்கள் நடுவில் நாடகம் போட்டவரின் கதை

தருமபுரி மாவட்டம் கம்பைநல்லூர் பக்கம் பாரதக் கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கத் தேவையில்லை. திறந்த வெளி, சுத்தி ஜனங்க, நடுவில் ஆட்டம். டிக்கெட் கிடையாது. ஆடுறவருக்கும் பார்க்கிறவருக்கும் நடுவில் நாலு அடி தூரம்தான்.

கொல்கத்தாவில் ஒரு இன்ஜினியர் இந்த நாலு அடி தூரத்தைத் தேடித்தான் தன்னோட புகழ், மேடை, வருமானம் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தார். அவர் பெயர் பாதல் சர்க்கார். இந்திய அபத்த நாடகம் என்றாலே முதலில் சொல்லப்படுகிற பெயர்களில் ஒன்று.

அபத்த நாடகம்னா என்ன?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஐரோப்பாவில் வந்த வகை இது. வாழ்க்கைக்கு அர்த்தம் இருக்கா என்ற கேள்விதான் இதன் மையம். கதை நேராகப் போகாது, பேச்சு சுத்திச் சுத்தி அதே இடத்துக்கு வரும். அயர்லாந்துக்காரர் சாமுவேல் பெக்கெட் எழுதிய 'வெயிட்டிங் ஃபார் கோடோ' 1953-ல் பாரிஸில் மேடையேறியது. ரெண்டு பேர் ஒரு மரத்தடியில் ஒருத்தருக்காகக் காத்திருப்பாங்க. அவர் கடைசி வரை வரவே மாட்டார். அவ்வளவுதான் கதை. பெக்கெட்டுக்கு 1969-ல் நோபல் பரிசு கிடைத்தது.

இன்ஜினியர் எழுதிய நாடகம்

பாதல் சர்க்கார் 1925 ஜூலை 15-ல் கொல்கத்தாவில் பிறந்தார். இயற்பெயர் சுதீந்திர சர்க்கார். ஷிப்பூர் இன்ஜினியரிங் கல்லூரியில் சிவில் படித்து, நகரத் திட்டமிடல் துறையில் வேலை பார்த்தார். இங்கிலாந்து, நைஜீரியா என்று வெளிநாட்டிலும் பணி. ஆரம்பத்தில் எழுதியது எல்லாம் சிரிப்பு நாடகங்கள்.

1963-ல் அவர் எழுதிய 'ஏவம் இந்திரஜித்' எல்லாத்தையும் மாத்திடுச்சு. தலைப்புக்கு 'மற்றும் இந்திரஜித்' என்று பொருள்.

ஒரு எழுத்தாளர் நாடகம் எழுத உட்கார்கிறார். எழுத ஒண்ணும் கிடைக்கலை. பார்வையாளர்களில் இருந்து நாலு பேரைக் கூப்பிடுகிறார். அமல், விமல், கமல்... நாலாவது ஆள் தன் பெயரை நிர்மல் என்கிறான். பொய். உண்மையான பெயர் இந்திரஜித். எல்லாரும் ஒரே மாதிரி இருக்கும்போது தான் மட்டும் தனியாத் தெரியக் கூடாதுன்னு பயம்.

படிப்பு, வேலை, கல்யாணம், பதவி உயர்வு. அமலும் விமலும் கமலும் அந்தத் தடத்திலேயே போய்விடுகிறார்கள். இந்திரஜித் மட்டும் ஏன், எதுக்கு என்று கேட்டுக்கிட்டே இருக்கிறான். லண்டன் வரைக்கும் போயும் பதில் கிடைக்கலை. கடைசியில், போய்ச் சேர ஊர் இல்லைன்னு தெரிஞ்சும் நடந்துக்கிட்டே இருக்கணும் என்ற இடத்துக்கு வருகிறான்.

விமர்சகர்கள் இதை பெக்கெட்டோடு ஒப்பிட்டார்கள். ஆனால் இந்திரஜித்தின் சிக்கல் நம்ம ஊர் நடுத்தர வர்க்கப் பையனின் சிக்கல். அதனால்தான் மொழி தாண்டிப் போனது. கிரீஷ் கர்னாட் இதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்.

உச்சத்தில் ஒரு முடிவு

1967-ல் 'சதாப்தி' என்ற குழுவைத் தொடங்கினார். 1968-ல் சங்கீத நாடக அகாடமி விருது, 1972-ல் பத்மஸ்ரீ. இப்படியே போயிருந்தால் பெரிய அரங்குகள், பெரிய பெயர் என்று வாழ்க்கை ஓடியிருக்கும்.

ஆனால் அவருக்கு ஒரு உறுத்தல். அரங்கத்தில் நடிகர் வெளிச்சத்தில் நிற்கிறார், பார்க்கிறவர் இருட்டில் உட்கார்ந்திருக்கிறார். ரெண்டு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவே முடியாது. அரங்க வாடகை, லைட், செட் என்று செலவு ஏற ஏற டிக்கெட் விலையும் ஏறும். ஏழை வாசலிலேயே நின்றுவிடுவார்.

அவர் கணக்கு இதுதான். கிராமத்துக் கூத்து முதல் அரங்கம்: மக்களோடு நெருக்கம் உண்டு, சொல்கிற விஷயம் பழசு. நகரத்து மேடை இரண்டாவது அரங்கம்: விஷயம் புதுசு, மக்கள் தூரம். ரெண்டிலும் உள்ள நல்லதைச் சேர்த்து மூன்றாவது அரங்கம் ஒன்றை உருவாக்கினார். மேடை இல்லை, செட் இல்லை, ஒப்பனை இல்லை. நடிகரின் உடம்பும் குரலும் மட்டும் போதும். 1969-ல் போலந்தில் குரோட்டோவ்ஸ்கியின் அரங்க முறையைப் பார்த்ததும் இதற்கு உதவியது.

'ஸ்பார்டகஸ்', 'மிச்சில்' (வங்க மொழியில் ஊர்வலம்), 'போமா' எல்லாம் இப்படி வந்தவை. 'மிச்சில்' 1974-ல் வந்தது. தினம் தினம் கொல்லப்படும் ஓர் இளைஞனையும் நகரத்தில் ஓயாமல் போகும் ஊர்வலங்களையும் பற்றியது. 'போமா' சுந்தரவனத்து ஏழை விவசாயிகளின் பசியைப் பேசியது. பூங்காவிலும் கிராமங்களிலும் நடந்தது. பார்த்தவர்கள் விரும்பியதைக் கொடுத்தால் போதும். நடிகர்களுக்குச் சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை, மாலையில் நாடகம்.

இதனால் என்ன இழந்தார் என்பதும் கண்கூடு. கூட்டம் சின்னது, காசு இல்லை. அவரோட பழைய மேடை நாடகங்களை மற்ற குழுக்கள் பெரிய அரங்குகளில் போட்டுக்கிட்டே இருந்தாங்க, அவர் திரும்பிப் போகலை.

தமிழ்நாட்டுக்கு வந்த கதை

1980-ல் சென்னை அருகே சோழமண்டலம் கலைஞர் கிராமத்தில் அவர் ஒரு நாடகப் பட்டறை நடத்தினார். தமிழில் நவீன நாடகமும் வீதி நாடகமும் வேகம் பிடித்த காலம் அது. அதற்கு மூணு வருஷம் முன்னாடிதான் ந.முத்துசாமி 'கூத்துப்பட்டறை'யைத் தொடங்கியிருந்தார். அவரும் அபத்த நாடகச் சாயலில் எழுதியவர், தெருக்கூத்தைத் தேடிப் போனவர். கொல்கத்தாவிலும் சென்னையிலும் ரெண்டு பேர் கிராமத்துக் கூத்துக் களத்தைத் திரும்பிப் பார்த்தது தற்செயல் இல்லை. நகரத்து நாடகம் மக்களைத் தொலைத்துவிட்டது என்ற கவலை ரெண்டு ஊரிலும் இருந்தது.

கடைசிக் காலம்

அறுபது வயதைத் தாண்டியும் மாணவராகி, 1992-ல் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தில் ஒப்பிலக்கியத்தில் எம்.ஏ. முடித்தார். 2010-ல் பத்மபூஷண் அறிவித்தபோது வாங்க மறுத்துவிட்டார். ஏற்கெனவே கிடைத்த கௌரவமே போதும் என்பது அவர் நிலைப்பாடு. 2011 மே 13-ல் கொல்கத்தாவில் காலமானார்.

இப்போ இது நமக்கு எதுக்கு?

கம்பைநல்லூர், அரூர் பக்கத்தில் இருந்து பெங்களூருக்கும் திருப்பூருக்கும் வேலைக்கு பஸ் ஏறும் பசங்களில் எத்தனையோ இந்திரஜித்கள் இருக்காங்க. எல்லாரும் போற வழியில்தான் நாமும் போகணுமா என்ற கேள்வி அவங்களுக்கும் உண்டு. அதை நாடகமாக்க லட்சக்கணக்கில் பணம் வேண்டாம், அரங்கமும் வேண்டாம். நாலு பேரும், ஒரு பள்ளிக்கூட மைதானமும், சுத்தி உட்கார ஊரும் இருந்தால் போதும். பாதல் சர்க்கார் தன் வாழ்க்கையின் பாதியைக் கொடுத்து நிரூபித்தது இதைத்தான்.