உப்புக்குள் பூச்சிச் சிறகு: பேராசிரியர் பீர்பல் சாஹ்னி

பலமனேர்ப் பக்கமிருந்து நம் பல்கலைக்கழகத்துக்கு வரும் நண்பர்கள், கோடையில் ஏரி வற்றியதும் குயவர்கள் களிமண் வெட்டுவதைக் கண்டிருப்பார்கள். மட்பாண்டத்துக்குப் பெயர் பெற்ற ஊர் அது. அந்த மண்கட்டியை உடைத்தால் சில வேளைகளில் பச்சை நிறம் மின்னும் வண்டுச் சிறகோடு ஒன்று கிடைக்கும். வண்டு மக்கிப் போயிருக்கும். ஓடு மட்டும் எஞ்சியிருக்கும். பூச்சியின் மேல்தோல் கைட்டின் என்னும் உறுதியான பொருளால் ஆனது. காற்றுப் புகாத சேற்றில் அது எளிதில் அழிவதில்லை. ஏரிச் சேற்றில் வாழும் சிற்றீப் புழுக்களின் தலையோடுகளை நுண்காட்டியில் எண்ணி, அந்த ஏரி பண்டைக்காலத்தில் உவர்ப்பாயிருந்ததா, வற்றியிருந்ததா என்று கணிக்கும் கலை இன்று வளர்ந்துள்ளது. கிழக்கு ஆப்பிரிக்க ஏரிகளில் அப்படிப் பல நூறு ஆண்டுகளின் மழை வரலாற்றைப் படித்திருக்கிறார்கள்.

ஆனால் அந்த ஓடு சேறு படிந்தபோதே அங்கே வந்ததா, பிற்காலத்தில் ஏதோ வெடிப்பின் வழியே விழுந்ததா? சிறிய ஐயம்தான். இந்தியாவின் தலைசிறந்த தொல்தாவரவியல் அறிஞர் ஒருவரை இந்த ஐயமே சறுக்க வைத்தது.

பீர்பல் சாஹ்னி 1891ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 14ஆம் நாள் பஞ்சாபில் பேரா என்னும் ஊரில் பிறந்தார். இன்று அவ்வூர் பாக்கிஸ்தானில் இருக்கிறது. ஜீலம் ஆற்றங்கரை ஊரான அதற்கு வடக்கே உப்பு மலைத்தொடர் நிற்கிறது. பிறந்த மண்ணின் அந்த மலையே பிற்காலத்தில் அவரை வழக்குக்கு இழுத்தது. தந்தையார் ருசிராம் சாஹ்னி லாகூர் அரசினர் கல்லூரியில் வேதியியல் கற்பித்தவர். பிள்ளைகளை இமயமலைச் சாரலுக்குக் கால்நடையாகவே அழைத்துச் செல்லும் வழக்கமுடையவர். கல்லும் செடியும் பீர்பலுக்கு அந்த நடையில் பழக்கமானவையே.

லாகூரில் பட்டம் பெற்ற பின் 1911இல் கேம்பிரிட்ஜ் சென்று, சீவர்டு என்னும் பேரறிஞரிடம் தொல்தாவரவியல் பயின்றார். 1919இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டத்துடன் தாயகம் திரும்பினார். காசியிலும் லாகூரிலும் சிறிது காலம் பணிபுரிந்துவிட்டு 1921இல் லக்னௌப் பல்கலைக்கழகத்தின் முதல் தாவரவியல் பேராசிரியராக அமர்ந்தார். லாசனின் தாவரவியல் பாடநூலை இந்திய மாணவர்க்கு ஏற்பத் திருத்தியவரும் அவரே. நம் தாத்தாமார் சிலர் அந்நூலைச் சுமந்திருப்பார்கள். 1936இல் லண்டன் ராயல் சங்கம் அவரை உறுப்பினராக ஏற்றது. 1940இல் சென்னையில் கூடிய இந்திய விஞ்ஞானக் காங்கிரசுக்கு அவரே தலைவர்.

ராஜமகால் மலைகளின் கல்லாய்ச் சமைந்த செடிகள், தக்காண எரிமலைப் பாறைகளுக்கிடையே புதைந்த பழைய ஏரிகளின் பனைகள் என்று அவர் ஆராய்ந்தவை பல. எனக்கு மிகவும் பிடித்தது காஷ்மீரக் காரேவாப் படிவு பற்றியது. அது பழைய ஏரி ஒன்றின் அடிமண். சிங்காடா என வடக்கே வழங்கும் நீர்ச்செடி இன்று பள்ளத்தாக்கின் ஏரிகளில் வளர்கிறது. அதன் எச்சங்களோ அந்தப் படிவில் மலைச்சரிவின் மேலே கிடைத்தன. செடி மலையேறவில்லை, ஏரியின் அடிமண்ணையே மலை மேலே தூக்கிவிட்டது! மனிதன் தோன்றிய பின்னும் இமயம் உயர்ந்துகொண்டிருந்தது என்று இத்தகைய சான்றுகளைக் கொண்டு அவர் வாதாடினார்.

இனி அந்த உப்பு வழக்கு. கேவ்ராச் சுரங்கத்து உப்பின் வயது என்ன? கேம்பிரியக் காலத்துப் பாறைகளுக்குக் கீழே கிடப்பதால் ஐம்பது கோடி ஆண்டுக்கும் மேற்பட்டது என்றனர் நிலவியலார் பலர். ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டே ஆன இயோசீன் படிவு அது, மேலுள்ள பாறைகள் பின்னர் அதன்மீது தள்ளப்பட்டவை என்றனர் வேறு சிலர். சாஹ்னி உப்பையும் உப்பு மண்ணையும் கரைத்து வடித்து, மிஞ்சிய துகள்களை நுண்காட்டியில் வைத்தார். மரத்துணுக்குகள், இலைத்தோல்கள், அவற்றோடு கூட்டுக்கண்ணும் சிறகும் உடைய பூச்சிகளின் துண்டுகள்! பூச்சியினமே தோன்றி ஏறக்குறைய நாற்பது கோடி ஆண்டுதான் ஆகிறது. ஆகவே உப்பு இயோசீன் காலத்ததே என்று அவர் முடிவு கட்டினார். 1944இலும் 1945இலும் இதற்கெனவே கருத்தரங்குகள் கூடின. இரு தரப்பாரும் விட்டுக்கொடுக்கவில்லை.

வென்றவர் சாஹ்னி அல்லர். உப்பு கேம்பிரியத் தொடக்கத்தை ஒட்டியது, அதற்குச் சற்று முந்தியதாகவும் இருக்கலாம் என்பதே இன்று நிலவியலார் கொள்கை. அவர் கண்டவை பூச்சிகளே, அதில் பிழையில்லை. ஆனால் அவை பின்னர் உள்ளே புகுந்தவை. உப்பு நீரில் கரையும், மீண்டும் உறையும். உறையும்போது வழியில் வந்ததை உள்ளே வைத்து மூடிக்கொள்ளும். எவ்வளவு கழுவினாலும் அந்தக் கலப்பு வெளியே தெரியாது. பெரிய பாறையடுக்கு சொன்னதைவிடச் சிறு துணுக்கு சொன்னதை அவர் மிகுதியாக நம்பிவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆயினும் உப்பைக் கரைத்து உள்ளே பார்க்கலாம் என்ற துணிவு பாராட்டத்தக்கது.

இவ்வழக்கின் நடுவிலேயே அவருடைய பெருங்கனவும் உருவாயிற்று. 1946இல் தொல்தாவரவியல் ஆய்வுக்கழகத்தை நிறுவி, தம் நூல்களையும் சேகரித்த கற்களையும் அதற்கே கொடுத்தார். 1949 ஏப்ரல் 3ஆம் நாள் நேரு லக்னௌவில் கட்டடத்துக்கு அடிக்கல் நாட்டினார். பல நாட்டுப் புதைபடிவங்களைப் பதித்துச் சாஹ்னியே ஆக்கிய கல் அது. ஒரு வாரம்கூட ஆகவில்லை. 10ஆம் நாள் விடியுமுன் மாரடைப்பால் காலமானார். வயது ஐம்பத்தேழு. துணைவியார் சாவித்திரி அம்மையார் பொறுப்பை ஏற்று நடத்த, 1953இல் நேருவே வந்து புதிய கட்டடத்தைத் திறந்துவைத்தார்.

அந்தக் கழகம் இன்று அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. ஏரியடியில் குழாய் இறக்கி எடுத்த சேற்றில் மகரந்தத் தூளை எண்ணிப் பண்டைப் பருவமழையை அறியும் ஆய்வு அங்கே நடைபெறுகிறது.