விரல் நுனியில் விழி தந்தவர்

பிரெஞ்சு நாட்டின் தலைநகராகிய பாரிசுக்குக் கிழக்கே கூப்வரே என்னும் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் குதிரைச் சேணம் செய்து வாழ்ந்த ஒருவருக்கு, 1809-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 4-ஆம் நாள் பிறந்தவர் லூயி பிரெயில். மூன்று வயதில், தந்தையின் தொழிற்கூடத்தில் விளையாடும்போது, தோலைத் துளைக்கும் குத்தூசி அவர் கண்ணிற் பாய்ந்தது. புண் சீழ்கொண்டு மற்றைக் கண்ணையும் பற்றியது. ஐந்து வயதில் அவர் பார்வையை முற்றும் இழந்தார்.

பெற்றோர் மனந்தளராது மகனை ஊர்ப் பள்ளிக்கு அனுப்பினர். கேட்டவற்றை நினைவிற்கொண்டே அவர் நன்கு பயின்றார். 1819-இல் பாரிசிலிருந்த பார்வையற்றோர் பள்ளியிற் சேர்ந்தார். ஆங்கு எழுத்துக்களைப் புடைப்பாக அச்சிட்ட நூல்கள் இருந்தன. அவை எடை மிக்கவை, எண்ணிக்கையிற் சிலவே. ஒவ்வோர் எழுத்தையும் விரலால் துழாவி மெல்லப் படிக்கலாம். ஆயின், மாணவர் தாமே எழுதுதற்கு அம்முறை உதவவில்லை.

1821-இல், முன்பு படையிற் பணியாற்றிய சார்லசு பார்பியே என்பவர் தாம் கண்ட புள்ளியெழுத்து முறையை அப்பள்ளிக்கு அளித்தார். அதில் ஒரு குறிக்குப் பன்னிரண்டு புள்ளிகள் வரை வந்தன. அவை விரல் நுனியில் அடங்கவில்லை. குறிகள் ஒலியைக் காட்டினவேயன்றி எழுத்தைக் காட்டவில்லை. இக்குறைகளை நீக்கப் பிரெயில் இடைவிடாது முயன்றார். 1824-இல், தம் பதினைந்தாம் வயதில், ஆறே புள்ளிகளைக் கொண்ட முறையை வகுத்தார். அவ்வாறு புள்ளிகளால் 63 குறிகள் அமைந்தன; ஒவ்வொன்றையும் ஒரே தொடுகையால் உணரலாம். தம் கண்ணைக் கவர்ந்த குத்தூசியை ஒத்த கூர்முனைக் கருவியே எழுதுகோலாயிற்று!

1829-இல் அம்முறை நூலாக வெளிவந்தது. பிரெயில் தாம் பயின்ற பள்ளியிலேயே ஆசிரியராகப் பணியாற்றினார். பார்வையுடைய ஆசிரியர்க்கு இவ்வெழுத்து விளங்காமையால் எதிர்ப்பு எழுந்தது. ஒருகால் தடையும் விதிக்கப்பட்டது. எனினும், தாமே எழுதித் தாமே படிக்கும் இன்பத்தை உணர்ந்த மாணவர் அதனைக் கைவிடவில்லை, மறைவாகப் பயின்றனர்.

என்புருக்கி நோயால் நலிந்த பிரெயில், 1852-ஆம் ஆண்டு சனவரி 6-ஆம் நாள் தம் 43-ஆம் வயதில் மறைந்தார். இரண்டாண்டுகள் கழித்தே அவர் முறையைப் பள்ளி முறைப்படி ஏற்றது. பின்னர் அஃது உலகெங்கும் பரவியது. இந்திய மொழிகளுக்குப் பொதுவான பிரெயில் முறை 1951-இல் அமைந்தது. பார்வையற்ற தமிழ் மாணவரும் அதனால் தமிழ் படிக்கின்றனர். 1952-இல் பிரெஞ்சு மக்கள் தம் நாட்டுப் பெரியோர் துயிலும் பாந்தியன் மண்டபத்தில் அவர் உடலை அடக்கினர். கைகள் மட்டும் பிறந்த ஊரிலேயே உள்ளன.

தம் குறைக்கு வேண்டிய கருவியைத் தாமே தேடிக் கண்டு, அதனை உலகுக்கு உரிமையாக்கியவர் பிரெயில். அவர் கண்கள் இருண்டன. அவர் விரல்களால் எண்ணற்றோர்க்குக் கல்வி ஒளி பிறந்தது.