பெயரே தெரியாத சூப்பர் ஸ்டார்! யார் இந்த ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ்?

நடித்தவர் பெயர் திரையில் வராத மௌனப் படக் காலம் அது. கனடாவில் பிறந்த ஃப்ளோரன்ஸ் லாரன்ஸ், 1908-ல் அமெரிக்காவின் பயோகிராஃப் நிறுவனத்தில் சேர்ந்தார். பெயர் பிரபலமானால் சம்பளத்தை ஏத்திக் கேட்பாங்களே என்ற பயம் அந்த நிறுவனத்துக்கு. அதனால் யார் பெயரையும் வெளியிடவில்லை. ரசிகர்கள் விடுவார்களா? ‘பயோகிராஃப் பொண்ணு’ என்று தாங்களே பெயர் வைத்துக் கடிதம் எழுதித் தள்ளினார்கள்.

பின்னாளில் யுனிவர்சல் நிறுவனத்தைத் தொடங்கிய கார்ல் லெம்லே, அவரைத் தன் பக்கம் இழுத்தார். 1910-ல் ஃப்ளோரன்ஸ் விபத்தில் இறந்துவிட்டதாக ஒரு வதந்தி. அது பொய் என்று அவர் பெயரையும் படத்தையும் போட்டு விளம்பரம் கொடுத்தார் லெம்லே. (வதந்தியைக் கிளப்பியதே அவர்தான் என்ற சந்தேகம் இன்றும் உண்டு. பிஆர் ஸ்டன்ட் ஒண்ணும் புதுசில்லை!) செயின்ட் லூயிஸ் நகருக்கு ஃப்ளோரன்ஸ் நேரில் வந்தபோது ரயில் நிலையத்தில் கூட்டம் முண்டியடித்தது.

அந்த மவுசு நிலைக்கவில்லை. படப்பிடிப்பில் நடந்த தீ விபத்தில் பலத்த காயம், அப்புறம் வாய்ப்புகளும் குறைந்தன. 1930-களில் எம்ஜிஎம் படங்களில் சின்னச் சின்ன வேடங்கள், மறுபடியும் பெயர் இல்லாமல். 1938 டிசம்பரில் தற்கொலை செய்துகொண்டார். ஹாலிவுட்டில் அவரைப் புதைத்த இடத்தில் பெயர் பொறித்த கல் வைக்கப்பட்டது 1991-ல்தான்.