1901இல் எங்களை எண்ணியவர்

சேர் பொன்னம்பலம் அருணாசலம் என்றதும், 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர் என்று எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போய்விடுகிறோம். எனக்கு அவர் செய்த இன்னொரு வேலைதான் பெரிதாகப் படுகிறது. இந்த நாட்டு மக்களை எண்ணிய வேலை அது.

மானிப்பாயைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் 1853 செப்டெம்பர் 14ஆம் திகதி கொழும்பில் பிறந்தார். சேர் பொன்னம்பலம் இராமநாதன் இவருடைய தமையனார். கேம்பிரிட்ஜில் படித்து, 1875இல் போட்டிப் பரீட்சை எழுதி இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர் இவரே. பின்னர் பல ஊர்களில் நீதிபதியாக இருந்தார்.

1880களின் பிற்பகுதியில் ஆளுநர் ஆதர் கோர்டன், மூத்த அதிகாரிகள் பலரைத் தாண்டி இவரைப் பதிவாளர் நாயகமாக்கினார். பிறப்பு, இறப்பு, விவாகம், காணி உறுதி எல்லாம் பதிகிற கந்தோர் அது. அங்கிருந்த குழப்பத்தையும் மோசடியையும் அருணாசலம் ஒழுங்குபடுத்தினார். பதிவேடு என்றால் தூசி படிந்த புத்தகம் என்றே நினைக்கிறோம். ஆனால் ஓர் ஊரில் எத்தனை குழந்தைகள் எதனால் இறக்கின்றன என்று தெரியாமல், அங்கே ஆஸ்பத்திரி வேண்டுமென்று எப்படிக் கேட்பது?

1901 மார்ச் மாதக் குடிசன மதிப்பீட்டுக்கும் அவரே பொறுப்பதிகாரி. கணினி இல்லாத காலம். மொத்தம் 3,565,954 பேர். அறிக்கையில் வெறும் தொகைகளை அடுக்காமல் நாட்டின் வரலாற்றையும் சேர்த்தே எழுதினார். எழுத வாசிக்கத் தெரிந்த பெண்கள் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை என்பதும் அந்தக் கணக்கில்தான் இருக்கிறது. பெண்கள் கல்லூரிச் சஞ்சிகையில் எழுதும்போது அந்த இடத்தைத் தாண்டிப்போக எனக்கு மனம் வரவில்லை.

சோனகர் ஏறத்தாழ 2 இலட்சத்து 28 ஆயிரம் பேர், தனி வரிசையில். தமையனார் இராமநாதனோ, 1888இல் ராயல் ஆசியச் சங்கத்தில் வாசித்த கட்டுரையில், சோனகரும் இனத்தால் தமிழரே என்று வாதிட்டிருந்தார். எந்த வரிசையில் எண்ணப்படுகிறோம் என்பது சின்ன விஷயமல்ல.

எண்ணப்படாமல் போவது அதைவிடப் பெரிது. 1981க்குப் பிறகு யாழ் மாவட்டத்தில் முழுமையான குடிசன மதிப்பீடு நடந்தது 2012இல்தான். அந்த 31 வருட இடைவெளிக்குள்தான் 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாண முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டார்கள். குருநகரில் எங்கள் வீட்டுக்கு வரும் பெரியவர்களிடம், சோனகத் தெருவில் அன்று எத்தனை குடும்பம் இருந்தது என்று கேட்டால் ஆளுக்கொரு தொகை சொல்வார்கள். காணி உறுதியைத் தொலைத்தவர்களுக்குக் கைகொடுத்தது காணிப் பதிவகத்தில் எடுத்த பிரதிதான்.

1913இல் ஓய்வு பெற்ற பிறகும் அருணாசலம் சும்மா இருக்கவில்லை. 1915இல் சமூக சேவைக் கழகம், 1919இல் தொழிலாளர் நலக் கழகம். ஒப்பந்தத்தை மீறி வேலையை விட்ட தோட்டத் தொழிலாளியைச் சிறையிலடைக்கும் சட்டத்தை எதிர்த்தார். மேல்மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று கொடுத்த வாக்கு காப்பாற்றப்படாததால் 1921இல் காங்கிரஸை விட்டு விலகினார். மக்களை எண்ணித் தந்தவரே ஆசனக் கணக்கில் ஏமாற்றப்பட்டார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1924 ஜனவரி 9ஆம் திகதி, தல யாத்திரை சென்ற இடத்தில், மதுரையில் காலமானார். பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906இலேயே இயக்கம் தொடங்கியவர் அவர். இன்று பேராதனைப் பல்கலைக்கழக விடுதியொன்று அருணாசலம் மண்டபம் என்ற பெயரில் இருக்கிறது.